ஓர் எழுத்து பிசகினால்: அப்டமர்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு

ஜி ஜி டி டி ஜி ஜி டி ஜி டி ஜி ஜி டி டி ஜி ஜி. ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை முடக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டின் வரிசை இது. 1992-ல் வெளியானது. இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆய்வகம் மூல மாதிரி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்தப் பதினைந்து எழுத்துகளை, கேட்ட வரிசையில் டி.என்.ஏ. தயாரித்துத் தரும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால் போதும்; சில நாளில் குப்பியில் வந்து சேர்ந்துவிடும்.

இத்தகைய துண்டுகளுக்கு அப்டமர் என்று பெயர். டி.என்.ஏ.வாகவோ ஆர்.என்.ஏ.வாகவோ இருக்கும், பெரும்பாலும் 20 முதல் 100 எழுத்து நீளம். ஒற்றை இழை என்பதால் தன்மீதே மடிந்து முடிச்சும் வளையமுமாக ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவத்துக்குப் பொருந்தும் புரதத்தையோ சிறு மூலக்கூறையோ தேடிப் பிடித்துக்கொள்ளும். நம் உடலின் எதிர்ப்பொருள்கள் செய்வதும் இதே வேலைதான். ஆனால் எதிர்ப்பொருளை உண்டாக்க விலங்கோ உயிருள்ள செல்லோ வேண்டும். அப்டமருக்கு எழுத்து வரிசை போதும். வரிசை சரியாக இருந்தால் உலகின் எந்த மூலையிலும் அதே பொருள் கிடைக்கும். வரிசை பிசகினால் குப்பியில் வருவது வேறொரு பொருள். ஆகவே அப்டமர் ஆய்வில் வரிசையைப் பத்திரமாகப் பதிந்துவைப்பதும் ஆய்வின் பாதிதான்.

அப்டமரை யாரும் உட்கார்ந்து வரைந்து உருவாக்குவதில்லை. கோடிக்கணக்கான கோடித் துண்டுகளிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். 1990-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாரி கோல்டும் கிரெய்க் டூயெர்க்கும் இந்த முறையை வெளியிட்டு அதற்கு செலெக்ஸ் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும் தனியாக இதே வழியைக் கண்டடைந்தார்கள். அப்டமர் என்ற பெயர் அவர்கள் வைத்தது.

வேலை நடப்பது இப்படி. தாறுமாறான வரிசை கொண்ட துண்டுகள், எண்ணிக்கையில் நூறு லட்சம் கோடி அளவுக்கு, ஒரே குழாயில் எடுத்துக்கொள்ளப்படும். அதில் இலக்குப் பொருளைச் சேர்ப்பார்கள். ஒட்டாத துண்டுகளைக் கழுவி வெளியேற்றுவார்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்தெடுத்து, பிசிஆர் முறையில் பெருக்கி, மறுபடி இலக்கோடு சேர்ப்பார்கள். முறத்தில் புடைக்கப் புடைக்கப் பதர் பறந்து மணி தங்குவதுபோல, சுற்றுக்குச் சுற்று நன்றாகப் பிடிப்பவை மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் பத்துச் சுற்றுக்கு முன்பின்னாக வேலை முடியும். கடைசியில் மிஞ்சியவற்றின் வரிசையைப் படித்து எழுதுவார்கள்.

இப்படிப் பிறந்தவற்றில் சில மருந்தாகவும் ஆகியிருக்கின்றன. முதுமையில் விழித்திரையைக் கெடுக்கும் நோய்க்கான மேக்யூஜென் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவே முதல் அப்டமர் மருந்து. அதே விழித்திரை நோயின் இன்னொரு முற்றிய நிலைக்கான ஐசெர்வே 2023-ல் வந்தது. நோய்களைக் கண்டறியவும் நச்சுகளை உணரவும் அப்டமர் பொருத்திய உணரிகள் பல ஆய்வகங்களில் உருவாகி வருகின்றன.

இவ்வளவும் எழுத்துகளை நம்பியே நிற்கிறது. அந்த எழுத்துகள் எந்த நிலையில் இருக்கின்றன?

டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் எலிங்டன் பிறகு நடத்திவந்த ஆய்வகத்தில், லைசோசைம் என்ற நொதியைப் பற்றும் ஓர் ஆர்.என்.ஏ. அப்டமர் உருவானது. மற்றவர்கள் அதை எப்படி எடுத்தாள்கிறார்கள் என்று அங்குள்ள குழு தேடிப் பார்த்தது. ஆராய்ந்த 61 கட்டுரைகளில் 93 சதவீதத்தில், எந்த விளக்கமும் இல்லாமல் வரிசை மாறியிருந்தது. மாறியவற்றில் பெரும்பாலானவை அதை டி.என்.ஏ.வாகவே பயன்படுத்தியிருந்தன. தேடலை விரித்து, அதிகம் மேற்கோள் காட்டப்படும் பத்து அப்டமர்கள் பற்றிய 800 கட்டுரைகளைப் பார்த்தார்கள். 44 சதவீதத்தில் விளக்கமில்லாத மாற்றமோ விடுபடலோ இருந்தது. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது.

இதை அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் கூடுதல். அதனால் அது மடியும் விதமே வேறு. எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் டி.என்.ஏ.வாகச் செய்த துண்டு அதே வடிவம் எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் மாற்றி எழுதுகிறார். அடுத்தவர் மூலக் கட்டுரைக்குப் போகாமல் அவரைப் பார்த்து எழுதுகிறார். பிழை வழிவழியாக நடக்கிறது. சோதனை தோற்றால், தோற்றது அப்டமரா, நகலெடுத்த கையா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இதற்கு மருந்து, எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே பொதுப் பதிவேடு. அதற்கான முயற்சிகள் புதிதல்ல. 2004-ல் எலிங்டன் குழுவே ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. 2012-ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பலரும் சேர்ந்து நிரப்பும்படி ‘அப்டமர் பேஸ்’ என்ற ஒன்றை அமைத்தார்கள். அது ஃப்ரீபேஸ் என்ற பொதுத் தளத்தின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. ஃப்ரீபேஸை வாங்கியிருந்த கூகுள் 2016-ல் அதை மூடிவிட்டது. முன்னோடித் தளங்களில் பெரும்பாலானவை கவனிப்பாரின்றி நின்றன, அல்லது பார்வையிலிருந்தே மறைந்தன. மானியம் முடிந்ததும், மாணவர் பட்டம் பெற்றுப் போனதும், பராமரிக்க ஆளில்லாமல் போவதே இத்தகைய தளங்களின் வழக்கமான கதி.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, எலிங்டன் ஆய்வகம் நடந்த டெக்சஸ் பல்கலைக்கழகம் மீண்டும் தொடங்கியது. ஓர் ஆய்விதழின் 2024 இதழில் அறிமுகமான அவர்களுடைய தரவுத்தளத்தில், 1990 முதல் 2022 வரையிலான கட்டுரைகளிலிருந்து எடுத்துச் சரிபார்த்த 1,443 பதிவுகள் இருந்தன. தகவல் ஓரிடத்திலும், அதைக் காட்டும் தளம் வேறிடத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. தளம் வீழ்ந்தாலும் தகவல் பிழைக்கும். பதிவுப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு. வெளியார் தங்கள் வரிசையைச் சேர்க்கப் படிவமும் உண்டு.

நல்ல பதிவில் வரிசை மட்டும் இருந்தால் போதாது. தொடக்கத்தில் சொன்ன திராம்பின் அப்டமரையே எடுத்துக்கொள்வோம். அதன் ஜி எழுத்துகளில் பெரும்பாலானவை நான்கு நான்காகச் சேர்ந்து இரண்டு அடுக்காக நிற்கும். அந்த அடுக்கை நிலைநிறுத்துவது கரைசலில் உள்ள பொட்டாசியம். எனவே எந்த உப்பில், எந்த வெப்பநிலையில், எந்த அமிலநிலையில் சோதித்தார்கள் என்பது வேண்டும். பிடிப்பு எவ்வளவு வலிது, அதை எந்த முறையில் அளந்தார்கள் என்பது வேண்டும். மேக்யூஜென் போன்றவற்றில், ரத்தத்தில் சிதையாமல் இருக்கச் சில எழுத்துகளின் சர்க்கரையில் ஃபுளோரின் ஏற்றியிருக்கிறார்கள். நான்கு எழுத்தில் மட்டும் எழுதினால் அது தெரியாமலே போய்விடும்.

மறுப்புகளுக்கும் அங்கே இடம் வேண்டும். ஆர்செனிக்கைப் பற்றுவதாகப் பெயர்பெற்ற ஓர் அப்டமரைக் கொண்டு பல உணரிகள் செய்யப்பட்டன. 2019-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியு குழு அதை மறுபடி சோதித்து, அது ஆர்செனிக்கைப் பற்றுவதே இல்லை என்று காட்டியது. குடிநீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இத்தகைய வரிசையை நம்புவது ஆபத்து. வரிசையைத் தேடி வருபவர் கண்ணில், அதன் பக்கத்திலேயே அந்த மறுப்பும் பட வேண்டும்.

பொதுப் பதிவேடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கி 1971-ல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு அதைப் படித்தே கற்றது. அந்தப் பணிக்கு 2024-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வங்கி வளர்ந்ததில் ஒரு விதிக்குப் பெரும் பங்கு உண்டு: வடிவத்தை வங்கியில் சேர்த்து எண் வாங்கினால்தான் ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்கும். அப்டமர்களுக்கும் அதே விதி வர வேண்டும். புதிய வரிசை என்றால் பதிவேட்டில் சேர்த்து எண் பெறட்டும். பழைய வரிசை என்றால் அதன் எண்ணைக் குறிக்கட்டும். மாற்றியிருந்தால் என்ன மாற்றினோம், ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். புதுக் கருவியோ பெரும் பணமோ இதற்குத் தேவையில்லை. ஆய்விதழ் ஆசிரியர்கள் நினைத்தால் அடுத்த இதழிலிருந்தே தொடங்கலாம்.