பிள்ளைகள் இடிக்கும் பெஸ்டோ

அடுப்படிக்குள் குழந்தைகள் நுழைந்தால், நெருப்பிருக்கிறது, அரிவாள்மணை இருக்கிறது என்று அஞ்சி அவர்களை வெளியே விரட்டுவதே நம் வீடுகளில் வழக்கமாயிருக்க, அவ்விரண்டும் சிறிதும் வேண்டாத ஒரு பதார்த்தத்தை, இத்தாலியின் வடமேற்குக் கரையிலுள்ள ஜெனோவா நகரத்தார் பரம்பரையாகச் சலவைக்கல் கல்வத்தில் இடித்து வருகிறார்கள். பெஸ்டோ என்பது அதன் பெயர். பச்சிலைத் துவையலின் ஜாதி.

அதன் மூலப்பொருளான இலைச்செடியும் நம் புழக்கடைத் திருநீற்றுப்பச்சையும் தாவர சாஸ்திரத்தின்படி ஒரே இனந்தான். ஆனால் நம்முடையதன் நெடி உக்கிரமானது. அவர்களுடையதோ பூவிடும் முன்பே, இளஞ்செடியாக இருக்கையில் பறிக்கப்படுவதால் மிருதுவான மணமுடையது. 2005ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஜெனோவச் செடியின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது. நால்வருக்கு 50 கிராம் இலை, 2 பூண்டுப் பல், ஒரு மேஜைக்கரண்டி பைன் பருப்பு, துருவிய பார்மெசான் பாலாடைக்கட்டி 6 கரண்டி, செம்மறியாட்டுப்பாலில் செய்த பெக்கொரீனோ 2 கரண்டி, அரைக் கோப்பை ஆலிவ் எண்ணெய், சில கல் உப்பு ஆகியவை போதும். பைன் பருப்பு விலை அதிகமென்றால் முந்திரி போடலாம். ஐரோப்பாவில் புட்டியில் அடைத்து விற்பவற்றுள் பலவற்றில் இருப்பதும் முந்திரியே. சம்பிரதாயம் கெட்டுவிடுமோ என்று கவலைப்படுவோருக்கு ஒரு செய்தி: ஜியோவன்னி பத்திஸ்தா ராத்தோ 1863இல் வெளியிட்ட ஜெனோவச் சமையல் நூலே, அந்த இலை அகப்படாவிட்டால் மார்ஜோரமும் பார்ஸ்லியும் சேர்க்கலாமென்று தாராளமாக இடம் கொடுக்கிறது.

இலைகளைக் காம்பு கிள்ளி, தண்ணீரில் அலசி, துணியில் ஈரம் போக ஒற்றியெடுப்பதைச் சின்னஞ்சிறு குழந்தையிடமே ஒப்படைக்கலாம். முதலில் பூண்டையும் பருப்பையும் நைய இடித்துக்கொண்டு, பின்பு இலையைக் கைப்பிடி கைப்பிடியாக உப்போடு இட வேண்டும். ஓங்கிக் குத்தலாகாது, மரக்குழவியைக் கல்வத்தின் உட்சுவரோடு அழுத்திச் சுழற்ற, உப்பின் பரல்கள் இலையைக் கிழித்து, அதன் நுண்ணிய சுரப்பிகளிலுள்ள வாசனை எண்ணெயை வெளிக்கொணரும். ஜெனோவக் கல்வத்துக்கு நான்கு காதுகள் உண்டு. குழவி ஒரு திசையில் சுற்ற, காதைப் பற்றிக் கல்வத்தை எதிர்த்திசையில் திருப்புவது அங்குள்ளோர் முறை; ஆகவே ஒரு பிள்ளை குழவியையும் மற்றொரு பிள்ளை காதையும் பிடித்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை. நம் வீட்டு இடிகல்லுக்குக் காதில்லையே என்றால், மாற்றி மாற்றி இடிக்கட்டும்.

மிக்ஸியில் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பது வாஸ்தவமே. ஆயினும் வேகமாகச் சுழலும் தகட்டின் சூட்டினாலும், இலை பொடிப்பொடியாக அறுபட்டுக் காற்றோடு கலப்பதாலும், பச்சை நிறம் விரைவில் கறுக்கிறது. தவிர, பொத்தானை அமுக்கிவிட்டு விலகி நிற்பதில் குழந்தைக்கு என்ன ருசி இருக்கப்போகிறது? 2007 முதல் ஜெனோவாவில் நடைபெற்று வரும் உலகப் பெஸ்டோப் போட்டியிலும் கல்வமும் மரக்குழவியுமே அனுமதிக்கப்படுகின்றன.

விழுது பச்சைக் களிம்பாகத் திரண்டதும் பாலாடைக்கட்டியைக் கலந்து, கடைசியில் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் குழைக்க வேண்டும். இதை அடுப்பில் ஏற்றவே கூடாது. பெரியவர்கள் வேகவைத்து வடித்த பாஸ்தாவிலும், அதனோடு வெந்த உருளைக்கிழங்கு பீன்ஸிலும் கொட்டி, வடித்த நீரில் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டினால் போதும். மிஞ்சியதைப் புட்டியிலிட்டு, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், காற்றுப் படாமல் இரண்டொரு நாள் பச்சை மாறாதிருக்கும்.