288 அம்புகளும் கடைசி ஓர் அம்பும்

52 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பிடித்தது. அப்போது ஒவ்வொரு வீரரும் 288 அம்புகள் எய்ய வேண்டும். நாளுக்கு 72 வீதம் நான்கு நாள். ஆண்களுக்கு 90, 70, 50, 30 மீட்டர். பெண்களுக்கு 70, 60, 50, 30. இதையே இரண்டு முறை எய்து, மொத்தப் புள்ளியில் முந்தியவருக்குத் தங்கம். 1976, 1984 இரண்டிலும் தங்கம் வென்ற அமெரிக்கர் டாரெல் பேஸ் இந்த முறையில் ஜெயித்தவர்தான். முதல் நாள் சறுக்கினாலும் ஈடுகட்ட மூன்று நாள் மிச்சமிருந்தது. நான்காம் நாளும் தோள் தளராதவர் மேலே வந்தார்.

1992 பார்சிலோனாவில் நேருக்கு நேர் மோதல் வந்தது. இன்று ஒலிம்பிக்கில் ரீகர்வ் வில்லுக்கு 70 மீட்டர் ஒன்றே தூரம். தரவரிசைச் சுற்றில் 72 அம்பு, பிறகு நாக் அவுட். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 15 அம்புகள். அதிலும் சமநிலை என்றால் ஆளுக்கு ஓர் அம்பு.

அம்பு குறைந்துவிட்டது, அதனால் உடல்வலுவும் முன்னளவு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 45 பவுண்டு இழுவிசையுள்ள வில் என்றால் ஒவ்வோர் இழுப்பும் சுமார் 20 கிலோ. தரவரிசைச் சுற்றில் மட்டும் ஏறக்குறைய 1,450 கிலோவை முதுகு இழுக்கிறது. ஆறு அம்புக்கு ஒருமுறை இலக்குவரை போய்த் திரும்பும் நடை ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். டோக்கியோவில் அந்தச் சுற்று முடிந்ததும் வெயில் தாங்காமல் ஒரு வீராங்கனை மயங்கி விழுந்தார்.

அதே டோக்கியோவில், 2021 ஜூலை 30 அன்று, தென்கொரியாவின் ஆன் சான் ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள் ஆடினார். அரையிறுதி, இறுதி இரண்டுமே கடைசி ஓர் அம்பில் முடிவானவை. வீரர்களின் இதயத்துடிப்பு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறையும் அவர் எடுத்தது பத்துப் புள்ளி. ஓய்ந்துபோன உடலில் நிதானம் தங்காது. முன்பு நாலு நாளுக்குப் பரவியிருந்த சோதனை இன்று நாளின் கடைசி இருபது விநாடியில் வந்து குவிகிறது.

களைப்பு முதலில் தெரிவது கிளிக்கரில். அம்பின்மேல் படிந்திருக்கும் மெல்லிய தகடு அது; நாணை முழு அளவுக்கு இழுத்ததும் 'டக்'கென்று விழும், அந்தச் சத்தத்தில்தான் அம்பை விட வேண்டும். முதுகு சோர்ந்துவிட்டால் கடைசி ஓரிரு மில்லிமீட்டர் வராது. தகடு விழாது. வில் பிடித்த கை நடுங்கும், இலக்கின் நடுவட்டம் ஆடும். அந்த நேரத்தில் வில்லை இறக்கிவிட்டு மறுபடி இழுக்கவும் தெம்பு வேண்டும். பிடிவாதமாக விட்டால் அம்பு பெரும்பாலும் கீழே போகும்.

இதற்கான பயிற்சியில் அம்பு எய்வது ஒரு பாதிதான். நாணை இழுத்து முப்பது விநாடி அப்படியே நிற்பது, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி இழுப்பது என்று முதுகைப் பழக்குகிறார்கள். ஓட்டமும் கால்வலுவும் சேர்ந்தே வளர வேண்டும். எய்யும் அம்புகளின் எண்ணிக்கை வாரா வாரம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வில்லின் பவுண்டைக் கூட்ட அவசரப்படாதீர்கள். இப்போதுள்ள வில்லிலேயே 72-வது அம்பும் முதல் அம்பைப் போலப் போகட்டும். அதன்பிறகு கூட்டலாம்.