பிள்ளையின் தலை ஒரு பக்கம் சப்பையா?

மூன்று மாதப் பிள்ளையின் பின்தலை ஒரு பக்கம் சப்பையாகத் தெரிகிறது. “ஒரே பக்கமாகப் போட்டு வைத்தால் இப்படித்தான்” என்பார் மாமியார். “எண்ணெய் தடவிக் கையால் உருட்டி விடு” என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. பாட்டி சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். மண்டையை அழுத்தி உருட்டுவதால் பலன் இல்லை.

1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கவேண்டாம் என்றார்கள். அதன்பின் தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. சப்பைத் தலைகள் பெருகின. அதற்காகப் பிள்ளையை மறுபடி குப்புறத் தூங்க வைத்துவிடாதீர்கள். உயிரைவிடத் தலையின் வடிவமா பெரிது?

எவ்வளவு சப்பை என்பதை எப்படி அறிவது? கிளினிக்கில் மிஸி நாடாவால் சுற்றளவு எடுப்பார். ஆனால் சுற்றளவு சரியாக இருந்தும் தலை கோணலாக இருக்கலாம். அதனால் கவராயம் போன்ற கருவியால் குறுக்களவு எடுக்கிறார்கள். ஒரு புருவத்தின் வெளியோரத்திலிருந்து எதிர்ப்புறப் பின்தலை வரை ஓர் அளவு; மறுபக்கமும் அதே போல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு. 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கடுமை என்பது மருத்துவர்கள் வழங்கும் ஒரு கணக்கு.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். குளிப்பாட்டியதும், முடி ஈரமாக இருக்கையில், பிள்ளையை மடியில் உட்காரவைத்து உச்சியிலிருந்து பாருங்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் லூயிஸ் அர்ஜென்டா 2004இல் இதை ஐந்து படிகளாகப் பிரித்தார். பின்தலை மட்டும் சப்பை என்றால் முதல் படி. அந்தப் பக்கத்துக் காது முன்னே தள்ளியிருந்தால் இரண்டு. நெற்றியும் புடைத்தால் மூன்று. முகமும் கோணினால் நான்கு. பொட்டுப் பக்கம் வீங்கினாலோ மண்டை மேல்நோக்கி உயர்ந்தாலோ ஐந்து.

எலும்பு மூட்டில் வரப்பு போல மேடு தட்டுப்பட்டால் அது வேறு சங்கதி. மண்டையோட்டு மூட்டு முன்கூட்டியே ஒட்டியிருக்கலாம், அறுவை தேவைப்படலாம். நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்தை ஒரு பக்கம் திருப்ப மறுக்கும் பிள்ளையையும் காட்டவேண்டும். கழுத்துத் தசை இறுகியிருக்கலாம்.

மற்றபடி, மல்லாக்கப் போட்டே தலைமாட்டை நாளுக்கொரு பக்கம் மாற்றுங்கள். பிள்ளை வெளிச்சம் வரும் பக்கமே திரும்பும். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலையணை வேண்டாம். ஆயாக் கொட்டகையில் விடுகிறவர்கள் ஆயாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

தலைக்கவசம் மாட்டும் சிகிச்சையும் உண்டு. விலை அதிகம். நெதர்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கவசம் மாட்டிய பிள்ளைகளுக்கும் மாட்டாத பிள்ளைகளுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடன் வாங்கும் முன் மிஸியிடம் அளவைக் கேட்டுக் கார்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த மாதம் அதே கருவியால் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.