காதுக்கு இவ்வளவு

‘ரெஸ்பெக்ட்’ என்ற பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங். 1965இல் தானே பாடி வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அரீத்தா ஃபிராங்க்ளின் அதை எடுத்துப் பாட, அன்றிலிருந்து உலகத்துக்கு அது அரீத்தாவின் பாட்டு. அமெரிக்க எஃப்.எம். நிலையம் ஒன்று அந்தப் பதிவை ஒலிபரப்பினால் எழுதியவர் கணக்குக்குப் பணம் போகும். பாடியவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான். நாம் ஒரு பாட்டு என்று கேட்பதற்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒருவர் பாடி, நாலு பேர் வாசித்து, நாடாவில் ஏறிய ஒலிப்பதிவு இன்னொன்று. படைப்புக்கான ராயல்டியை 1914இல் பிறந்த ஆஸ்காப், 1939இல் பிறந்த பி.எம்.ஐ. போன்ற சங்கங்கள் வானொலிகளிடம் கறாராக வசூலித்துவிடுகின்றன. ஒலிப்பதிவுக்கோ அமெரிக்க மத்தியச் சட்டத்தில் பதிப்புரிமை கிடைத்ததே 1972 பிப்ரவரி 15இல்தான். அப்போதும் வானொலியில் போட்டால் காசு என்று சட்டம் சொல்லவில்லை. “நாங்கள் போடுவதால்தானே உங்கள் ரெக்கார்டு விற்கிறது” என்பது நிலையங்களின் வாதம். பல பத்தாண்டுகளாக அதுவே ஜெயித்து வருகிறது.

இணையம் வந்தபோது கதை மாறியது. ஒலி எண்களாகிவிட்டால் எத்தனை முறை நகலெடுத்தாலும் தரம் குறையாது. இசை நிறுவனங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1995லும் 1998லும் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள் ஒலிப்பதிவுக்காரருக்கும் கூலி உண்டு என்றன, ஆனால் டிஜிட்டல் வழியில் போனால் மட்டும். எஃப்.எம். கோபுரத்துக்குப் பழைய சலுகை அப்படியே நீடித்தது. ஆக, ஒரே நிலையம் ஒரே பாட்டை ஒரே நொடியில் கோபுரத்திலும் இணையத்திலும் விட்டால், காற்றில் போவதற்கு ஒலிப்பதிவுக் கூலி இல்லை, கம்பியில் போவதற்கு உண்டு.

அந்தக் கூலியை எப்படிக் கணக்கிடுவது? இங்கேதான் தொழில்நுட்பம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. எஃப்.எம். கோபுரம் திருவிழாவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி மாதிரி: பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒரே சத்தம், ஒரே மின்சாரச் செலவு. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அதற்குத் தெரியவும் தெரியாது. இணைய வானொலி அப்படிப் பொதுவாகக் கத்துவதில்லை. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் சர்வரிலிருந்து தனித்தனி இணைப்பு, பாட்டின் தனித்தனிப் பிரதி. எந்த இணைப்பு எந்த நொடியில் திறந்தது, எப்போது அறுந்தது என்று சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரங்களை அன்று போட்ட பாட்டுகளின் நேரத்தோடு ஒப்பிட்டால், எந்தப் பாட்டு எத்தனை பேருக்குப் போனது என்பது துல்லியமாக வந்துவிடும்.

அளக்க முடிந்ததால் அளந்தார்கள். ஒரு பாட்டு ஒருவருக்கு ஒலித்தால் அது ஓர் ‘ஒலிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அலகு அதுதான். 2002இல் நிர்ணயமான விலை ஓர் ஒலிப்புக்கு 0.07 சென்ட். பிச்சைக் காசு என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். மணிக்குப் பதினைந்து பாட்டு. எந்நேரமும் சராசரியாக நூறு பேர் கேட்கிறார்கள். ஒரு நாளில் 36,000 ஒலிப்புகள், ஓர் ஆண்டில் 1 கோடியே 31 லட்சத்துக்கும் மேல். ஒன்பதாயிரம் டாலரைத் தாண்டிவிடும். ஒரு கல்யாண மண்டபத்தின் மூலையைக்கூட நிரப்பாத கூட்டத்துக்கு!

அதுவும் 1998 அக்டோபரிலிருந்து முன்தேதியிட்டுக் கட்ட வேண்டும் என்றார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ரஸ்டி ஹாட்ஜ் என்பவர் 2000இல் தொடங்கிய சோமா எஃப்.எம்., விளம்பரமே இல்லாமல் நேயர்களின் நன்கொடையில் ஓடுகிற நிலையம். 2002 ஜூனில் அது பாட்டை நிறுத்திவிட்டது. கோபுர வானொலிக்குக் கேட்போர் பெருகினால் லாபம். ஹாட்ஜுக்கோ புதிதாக வரும் ஒவ்வொரு நேயரும் ஒரு செலவு. சிறு நிலையங்கள் வருவாயில் இத்தனை விழுக்காடு கட்டினால் போதும் என்று வழிசெய்யும் சட்டம் அந்த ஆண்டின் இறுதியில் வந்தது. சோமா எஃப்.எம். மீண்டும் பாடத் தொடங்கியது, இன்றும் பாடுகிறது.

விலையை முடிவு செய்வது யார்? 2004இல் வந்த சட்டத்தின்படி மூன்று நீதிபதிகள் கொண்ட ராயல்டி வாரியம். அவர்களுக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. மனமுவந்து விற்பவரும் மனமுவந்து வாங்குபவரும் தடையில்லாச் சந்தையில் பேரம் பேசியிருந்தால் என்ன விலை படிந்திருக்குமோ, அந்த விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியொரு சந்தை இல்லவே இல்லை. சட்டமே எல்லோருக்கும் பொது உரிமம் கொடுத்துவிட்டதே. இல்லாத கடையில் நடக்காத பேரத்தின் ரசீதை எழுதும் வேலை! இரு தரப்புப் பொருளாதார நிபுணர்களும் மாதிரிகளோடு வந்து நிற்க, மாதக்கணக்கில் விசாரணை நடக்கும்.

2007 மார்ச்சில் வாரியம் எழுதிய ரசீது இது: 2006க்கு 0.08 சென்ட், ஆண்டுதோறும் ஏறி 2010இல் 0.19 சென்ட். நமது நூறு பேர் நிலையத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி ஏறத்தாழ 25,000 டாலர். அத்தோடு அலைவரிசை ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 500 டாலர். இதில்தான் வேடிக்கை. பண்டோரா போன்ற சேவைகளில் ஒவ்வொரு நேயரும் தன் ரசனைக்கேற்பத் தனக்கென ஓர் அலைவரிசையை உருவாக்கிக்கொள்கிறார். லட்சம் நேயர் என்றால் லட்சம் அலைவரிசை, குறைந்தபட்சக் கட்டணமே ஐந்து கோடி டாலர்! ஒருவருக்கும் கட்டுப்படியாகாத இந்தக் கணக்கைப் பிறகு ஒரு நிறுவனத்துக்கு 50,000 டாலருக்கு மேல் போகாது என்று பேசி முடித்தார்கள். அதற்கு முன்பே, 2007 ஜூன் 26 அன்று, இணைய வானொலிகள் பல ஒரு நாள் முழுக்க மௌனம் காத்து எதிர்ப்பைத் தெரிவித்திருந்தன.

காசு மட்டும் கட்டினால் போதாது, எதைப் போடலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது. அதிலும் அடுத்தடுத்து இரண்டுதான். ஒரே பாடகரின் பாட்டு நான்கைத் தாண்டக் கூடாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. நேயர் காத்திருந்து பதிவு செய்துகொண்டால் யார் ஆல்பம் வாங்குவார்கள் என்ற பயம்தான். விளைவு, ஒரு பெரும் பாடகர் மறைந்த அன்று நாளெல்லாம் அவர் பாட்டையே போட்டு அஞ்சலி செலுத்த இணைய வானொலிக்குத் தனி அனுமதி வேண்டும். பக்கத்துக் கோபுரம் தாராளமாகப் போடலாம்.

வசூலான பணம் போகும் பாதை மட்டும், என் பார்வையில், இந்த ஏற்பாட்டிலேயே மெச்சத்தக்க பகுதி. சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பெற்றுப் பிரிக்கிறது. ஒரு டாலரில் 50 சென்ட் பதிவின் உரிமையாளருக்கு, 45 சென்ட் முதன்மைக் கலைஞருக்கு. மீதி 5 சென்ட், உறையில் பெயர்கூட வராத பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்னணிக் குரல்காரர்களுக்கும். கலைஞரின் பங்கு இசை நிறுவனத்தின் கைக்குப் போகாமல் நேரே அவருக்குப் போகிறது. “முன்பணம் வாங்கியிருக்கிறாயே” என்று நிறுவனம் பிடித்துக்கொள்ள முடியாது. எந்தப் பதிவு யாருடையது என்ற குழப்பத்தைத் தீர்க்க ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட சர்வதேச அடையாளக் குறியீடு இருக்கிறது. ஒரே பாட்டின் ஸ்டுடியோப் பதிவுக்கு ஒன்று, மேடைப் பதிவுக்கு வேறொன்று.

அப்படியானால் இணைய வானொலியாவது அரீத்தாவுக்குக் கொடுத்திருக்குமே என்று கேட்கலாம். அவர் பாடியது 1967இல். 1972க்கு முந்தைய பதிவு மத்தியச் சட்டத்தின் கண்ணிலேயே இல்லை. அந்த ஓட்டையை அடைத்த சட்டம் கையெழுத்தானது 2018 அக்டோபரில். அரீத்தா ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

நிலையங்கள் எப்படித்தான் பிழைத்தன? பேரத்தால். 2009இல் பண்டோரா போன்றவை ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: வருவாயில் 25 விழுக்காடு அல்லது வாரியம் சொன்னதைவிடக் குறைந்த ஒலிப்பு விலை, இவற்றில் எது அதிகமோ அதைக் கட்டுவது. சிறியவர்களுக்கும் விழுக்காட்டுக் கணக்கு நீடித்தது. இந்தச் சலுகைகள் 2015 முடிவில் காலாவதியாயின. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே வானொலி நடத்த இடம் கொடுத்துவந்த லைவ்365, 2016 ஜனவரி 31 அன்று கடையை மூடியது. அடுத்த ஆண்டு வேறு உரிமையாளரின் கையில் திரும்பி வந்தது. செயற்கைக்கோள் வானொலியான சிரியஸ் எக்ஸ்.எம். மட்டும் காதுகளை எண்ணுவதில்லை. வருவாயில் ஒரு பங்கைக் கட்டுகிறது, 2018 முதல் 15.5 விழுக்காடு. அதன் அலையும் கோபுர அலை போல வானத்திலிருந்து பொதுவாகப் பொழிவதுதான்.

லாப நோக்கில்லாத நிலையங்களுக்கு விதியில் ஒரு விநோத எண் இருக்கிறது: மாதத்துக்கு 1,59,140. அத்தனை ‘கேட்பு மணிகள்’ வரை, அதாவது எல்லா நேயர்களும் கேட்ட நேரத்தைக் கூட்டிய மணிக்கணக்கு அதுவரை, ஆண்டுக்கு ஒரே குறைந்தபட்சக் கட்டணம். முன்பு 500 டாலராக இருந்தது, 2021இல் 1,000 ஆனது. எங்கிருந்து வந்தது அந்த எண்? ஒரு மாதத்துக்குச் சராசரி 730 மணி நேரம். 1,59,140ஐ 730ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 218 வருகிறது. அமெரிக்கப் பொது வானொலி நிலையங்களின் இசையை இணையத்தில் ஒரே நேரத்தில் கேட்டவர்களின் பழைய சராசரி அது. ஒரு கல்லூரி நிலையத்துக்கு மாதச் சராசரி 218 பேர் வரை கவலையில்லை. 219ஆவது ஆள் வந்து சேர்ந்தால் மீட்டர் ஓடத் தொடங்கும்.