பட்டியில் கட்டளைகள் மங்கலாகத் தோன்றுவது ஏன்?

மென்பொருளொன்றின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்து, சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துகிறீர்கள். தோன்றும் பட்டியில் ‘வெட்டு’, ‘நகலெடு’ ஆகிய கட்டளைகள் மங்கலாக உள்ளன. இது கணினியின் பழுதன்று. அவை செயற்பட எழுத்துக்கள் தெரிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். ஆவணத்தில் ஒரு வசனத்தைத் தெரிவு செய்திருந்தாலும், நிலைகாட்டி தேடல் பெட்டியினுள் இருப்பின் அப்பெட்டியின் நிலையையே பட்டி காட்டும்.

பெட்டியிலுள்ள சொல்லின் மீது இருமுறை சொடுக்கித் தெரிவு செய்த பின் பட்டியைத் திறவுங்கள்; கட்டளைகள் தெளிவாகும். ‘ஒட்டு’ மங்கலாக இருப்பின், ஒட்டக்கூடிய எழுத்து எதுவும் முன்னர் நகலெடுக்கப்படவில்லை என்பதே பொருள்.

பரீட்சையில் காரணம் கேட்கப்பட்டால், ‘கணினி பழுது’ என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். ‘எழுத்துக்கள் தெரிவு செய்யப்படவில்லை’ என எழுதுங்கள்.