சென்னையா, கோவையா, மதுரையா... எந்த ஊர் பாதுகாப்பு? குற்றப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்!

ஆண்டுக்கணக்கு வெளியானதும் வாட்ஸ்அப் குரூப்களில் சண்டை தொடங்கிவிடும். 'பார்த்தீங்களா, எங்க கோயம்புத்தூர்தான் சேஃப்' என்று ஒருவர் போடுவார். 'சென்னையோட ஜனத்தொகைக்கு உங்க ஊரு ஒரு மூலைக்குக் காணாது' என்று இன்னொருவர் பதில் போடுவார். 'சினிமாக்காரங்க சேர்ந்து எங்க கையில அரிவாளைக் கொடுத்துட்டாங்க' என்று மதுரைக்காரர் அலுத்துக்கொள்வார்.

கேலியும் கிண்டலுமாகப் போனாலும் இந்தப் பட்டியலை நம்பிப் பல வீடுகளில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மகளை எந்த ஊரில் வேலைக்கு அனுப்புவது, வயதான பெற்றோரை எங்கே குடிவைப்பது, கடன் வாங்கி வீடு கட்டுவதென்றால் எந்தப் பக்கம் மனை பார்ப்பது... எல்லாவற்றிலும் 'அந்த ஊர்ல க்ரைம் ஜாஸ்தியாமே' என்ற ஒரு வரி குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த 'ஜாஸ்தி' எங்கிருந்து வருகிறது? அதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஒரே மாநிலத்துக்குள் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரியாக வரும்?

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு

காவல் நிலையங்களில் பதிவாகும் வழக்குகளை மாநிலங்களிடமிருந்து வாங்கித் தொகுப்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். 1986-ல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு அமைப்பு, 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கையை வெளியிடுகிறது. செய்திகளில் வரும் 'பாதுகாப்பான நகரம்' பட்டியல்களில் பெரும்பாலானவை இதிலிருந்து எடுக்கப்படுபவைதான்.

இதில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று, மொத்த வழக்குகளின் எண்ணிக்கை. மற்றொன்று, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்குகள் என்ற விகிதம். ஊர்களை ஒப்பிடும்போது விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து சென்னையில் சுமார் 87 லட்சம் பேர், கோவையில் சுமார் 21.5 லட்சம் பேர். அதாவது சென்னை நான்கு கோவைக்குச் சமம். ஒரு பேச்சுக்கு, ஓராண்டில் சென்னையில் 100 கொலைகளும் கோவையில் 25 கொலைகளும் நடந்தன என்று வைத்துக்கொள்வோம். '100 எங்கே, 25 எங்கே' என்று பதறத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் சென்னையில் லட்சத்துக்கு 1.15, கோவையில் 1.16. இரண்டும் ஒன்றுதான்.

2011-லேயே நின்றுபோன மக்கள்தொகை

விகிதத்தைப் பார்த்துவிட்டால் போதுமா என்றால், போதாது. எந்த மக்கள்தொகையால் வகுக்கிறார்கள் என்பதில் அடுத்த சிக்கல் இருக்கிறது.

மாநில விகிதங்களுக்கு அந்தந்த ஆண்டின் உத்தேச மக்கள்தொகையை எடுத்துக்கொள்ளும் காப்பகம், நகரங்களுக்கு 2011 கணக்கெடுப்பின் எண்ணையே வைத்து வகுத்து வந்திருக்கிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்குக் குறிக்கப்பட்டிருக்கும் நாள் 2027 மார்ச் 1.

ஆக, வழக்குகள் புதியவை, ஆட்கள் பழைய கணக்கு. வேகமாக வளரும் ஊருக்குத்தான் இதில் நஷ்டம். மேலே சொன்ன உதாரணத்தில் கோவையின் இன்றைய மக்கள்தொகை 28 லட்சம் என்று வைத்தால், அதே 25 கொலைகளின் விகிதம் 1.16-லிருந்து 0.89 ஆக இறங்கிவிடும். ஒரு குற்றம்கூடக் குறையவில்லை. வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் சுமார் 5.5 லட்சமாக இருந்த நகரப் பகுதி, 2011-ல் 9.6 லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு பனியன் கம்பெனிகளுக்கு வந்து சேர்ந்த வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளர்கள் 2011 கணக்கில் கிடையாது. ஆனால், அவர்களிடம் செல்போன் திருடு போனால் அந்த வழக்கு ஊர்க் கணக்கில் ஏறும். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் கூடும் லட்சக்கணக்கானவர்களுக்கும் இதே நிலைமைதான்.

இன்னொன்றும் உண்டு. 2015 அறிக்கை வரை, 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 53 நகரங்கள் பட்டியலில் இருந்தன. அதில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு ஊர்கள். 2016-லிருந்து 20 லட்சத்துக்கு மேல் உள்ள 19 நகரங்கள் மட்டுமே. அதனால் மதுரையும் திருச்சியும் உதிர்ந்துபோயின. சேலம், திருநெல்வேலி, திருப்பூர் எப்போதுமே அதில் இல்லை. 'பெருநகரப் பட்டியலில் எங்க ஊர் பெயரே இல்லை' என்று யாராவது மகிழ்ந்தால், அதற்குக் காரணம் அமைதி அல்ல, அளவு. அந்த ஊர்களின் எண்கள் மாவட்ட வாரியான அட்டவணையில் இருக்கின்றன.

சென்னை என்றால் எந்தச் சென்னை?

அண்ணா சாலையில் நிற்பவருக்கும் தாம்பரத்தில் இறங்குபவருக்கும் அது சென்னைதான். காவல் துறையின் கணக்கு வேறு. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள் இயங்குகின்றன. அம்பத்தூர் பக்கம் நடக்கும் சம்பவம் ஆவடிக் கணக்கு. பள்ளிக்கரணையில் நடப்பது தாம்பரத்தின் கணக்கு. ஆக, 2021-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டு 'சென்னையில் குற்றம் குறைந்தது' என்று யாராவது சொன்னால், எல்லைக்கோடு எங்கே இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

கோவையிலும் மாநகரக் காவல் தனி, புறநகர் மாவட்டக் காவல் தனி. பொள்ளாச்சியில் நடப்பது மாநகரக் கணக்கில் வராது. ரயிலில் செயின் பறிபோனால் அது ரயில்வே போலீஸின் கணக்கு. நம் மனதில் இருக்கும் ஊரும் அட்டவணையில் இருக்கும் ஊரும் பல நேரங்களில் ஒன்றல்ல.

ஊரடங்கில் எகிறிய 'குற்றம்'

'மொத்தக் குற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ் என்னவெல்லாம் அடங்கும் தெரியுமா? கொலையும் அதில் உண்டு, கவனக்குறைவாக வண்டி ஓட்டி விபத்து ஏற்படுத்திய வழக்கும் உண்டு. மதுவிலக்குச் சட்ட வழக்குகளும் சூதாட்ட வழக்குகளும் சிறப்புச் சட்டங்கள் என்ற பிரிவில் சேரும்.

இதன் விபரீதம் 2020-ல் வெளிப்பட்டது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான இ.பி.கோ. 188-வது பிரிவில் 2019-ல் நாடு முழுக்க 29,469 வழக்குகள். கொரோனா ஊரடங்கு வந்த 2020-ல் அதுவே 6,12,179. நாட்டின் மொத்தக் குற்றங்கள் ஒரே ஆண்டில் 28 சதவிகிதம் உயர்ந்தன. இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்துக்குப் போனது. திருட்டு, வழிப்பறி போன்ற வழக்கமான குற்றங்கள் அந்த ஆண்டு குறைந்திருந்தன என்பதையும் அதே அறிக்கை சொன்னது. தடையை மீறி பைக்கில் சுற்றியவர்கள் ஒரு மாநிலத்தையே 'குற்றத்தில் முதலிடம்' ஆக்கிவிட்டார்கள்.

சிறப்புச் சட்ட வழக்குகளிலும் கவனம் தேவை. ஒரு நகரில் புதிய ஆணையர் வந்து கஞ்சா, லாட்டரி, சூதாட்டத்துக்கு எதிராகச் சோதனைகளை முடுக்கிவிட்டால் வழக்குகள் கூடும். வேலை நடக்கிற ஊர் மோசமான ஊராகத் தெரியும். சோதனையே போடாத ஊர் புனிதமாகத் தெரியும்.

பதிவானால்தான் குற்றம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. அறிக்கையில் இருப்பது நடந்த குற்றங்களின் கணக்கு அல்ல, பதிவான வழக்குகளின் கணக்கு. குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்திருந்தால், அவற்றில் கொடியது மட்டுமே கணக்கில் வரும் என்பதும் அதன் விதி.

இதற்கு டெல்லி ஓர் உதாரணம். 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டு டெல்லியில் 706 பாலியல் வன்கொடுமை வழக்குகள் பதிவாகியிருந்தன. அடுத்த ஆண்டு 1,636. ஒரே ஆண்டில் குற்றவாளிகள் இரு மடங்காகிவிட்டார்களா? சட்டத்தின் வரையறை விரிந்தது, பெண்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள், போலீஸாரும் பதிவுசெய்தார்கள். மறைந்து கிடந்தது வெளியே வந்ததன் அடையாளம் அந்த எண்.

நம் ஊரில் இதை சி.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்தில் புரிந்துகொள்ளலாம். புகார் கொடுக்கப் போனால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதாக சி.எஸ்.ஆர். தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு, அந்த வழக்குதான் ஆண்டறிக்கைக்குப் போகும். சி.எஸ்.ஆரோடு நின்றுபோன புகார் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பறிபோன செல்போனை 'தொலைந்துபோச்சுன்னு எழுதிக் கொடுங்க' என்று சொல்லிக் கேட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அப்படி எழுதிக் கொடுத்த நொடியில் ஒரு திருட்டு கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

'உன் எல்லையில் ஏன் இத்தனை வழக்கு?' என்று மேலிடம் கேட்கும் இடத்தில், வழக்கைக் குறைக்கச் சுலபமான வழி குற்றத்தைக் குறைப்பது அல்ல, பதிவைக் குறைப்பது. நஷ்டம் புகார் கொடுக்க வந்தவருக்கு. எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் விசாரணை இல்லை, பறிபோன நகை திரும்பி வர வழியில்லை.

அப்படியானால் எதை ஒப்பிடுவது?

பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், 'மொத்தக் குற்றம்' என்ற எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் கவலை எதுவோ அந்த ஒரு குற்றத்தை மட்டும் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதுதான் பயம் என்றால் கன்னக்களவு. அம்மா கோயிலுக்குத் தனியாகப் போவதுதான் பயம் என்றால் வழிப்பறி.

ஊருக்கு ஊர் ஓரளவு நேர்மையாக ஒப்பிடக்கூடியது கொலை. உடலை மறைப்பது கடினம், பதிவு செய்யாமல் விடுவது அதைவிடக் கடினம். ஆனால், சிறிய நகரங்களில் எண்கள் சிறியவை. 20 கொலைகள் 25 ஆனாலே '25 சதவிகிதம் உயர்வு' என்று தலைப்பு வந்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே சரி.

அந்தக் கொலைகளும் தெருவில் போகிறவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. 2022-ல் நாடு முழுக்கப் பதிவான 28,522 கொலை வழக்குகளில் 9,962-க்குக் காரணம் தகராறுகள். 3,761-க்கு முன்விரோதம். பணம், பொருளுக்காக நடந்தவை 1,884.

பெண்களின் பாதுகாப்பிலும் இதேதான். 2022-ல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,45,256 வழக்குகள் பதிவாயின. அவற்றில் 31.4 சதவிகிதம், கணவர் அல்லது அவருடைய உறவினர்கள் செய்த கொடுமை. எந்த ஊருக்கு மாறினாலும் இந்த ஆபத்து கூடவே வரும், வீட்டுக்குள் இருப்பதால். இந்த விகிதத்தைப் பெண்களின் எண்ணிக்கையால் மட்டுமே வகுப்பார்கள் என்பதால், மற்ற விகிதங்களோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

பட்டியலின் வயதையும் கவனியுங்கள். 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. 2023-க்கான அறிக்கை வெளிவர 2025 செப்டம்பர் இறுதி ஆகிவிட்டது. குடிபோகும் தெருவில் இரவு விளக்கு எரிகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, காவல் நிலையம் எவ்வளவு தூரம், அங்கே புகார் கொடுத்தவர்களுக்கு என்ன அனுபவம் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, இரண்டு வருடப் பழைய எண்ணைவிட உதவும்.

கணக்கு உங்கள் கையிலும் இருக்கிறது

போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இன்னும் சில வசதிகளைத் தருகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடமுண்டு. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

பதிவுசெய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம், மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

அடுத்த முறை காவல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது கையில் இருக்கும் தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா? உங்கள் ஊரின் பெயர் பட்டியலில் எந்த இடத்துக்கு வரும் என்பதைவிட, உங்கள் புகாரை யாராவது விசாரிப்பார்களா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.