காலாங்: வானவாயில் மூடிய பின்னர்

முன்னுரை

பண்டை நகரங்களுக்குக் கோட்டைக் கதவும் துறைமுகமும் வாயில்களாய் விளங்கின. இருபதாம் நூற்றாண்டில் விமான நிலையமும் அவ்விடத்தைப் பெற்றது. அத்தகைய வாயிலொன்று மூடப்படின், அந்நிலம் என்னாகும்? அதனைச் சார்ந்து வாழ்ந்த மக்கள் என்னாவர்? இவ்வினாக்களுக்குச் சிங்கப்பூரின் காலாங் விமான நிலைய வரலாறு தெளிவான விடை தருகிறது.

கறம்பக்குடி வட்டாரத்தில் சிங்கப்பூரை அறியாத குடும்பம் அரிது. நம் முன்னோருள் பலர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி அந்நகரை அடைந்தனர். அவர்கள் கடல்வழியே சென்ற அந்நாளில் வான்வழி வருவோர்க்கு வாயிலாய் இருந்தது காலாங்கே. ஆதலின் அதன் கதை நமக்கு முற்றும் அயலானதன்று.

தோற்றமும் ஏற்றமும்

காலாங் ஆற்று முகத்துவாரம் முன்னாளில் சதுப்பு நிலமாய்க் கிடந்தது. அதன் கரையில் கால்நட்ட வீடுகளில் மலாய் மக்கள் வாழ்ந்தனர். 1931-இல் ஆளுநர் சர் செசில் கிளமெண்டி அங்கே விமான நிலையம் அமைக்கத் திட்டமிட்டார். நகரை ஒட்டியிருந்ததும், தரையில் இறங்கும் விமானம், நீரில் இறங்கும் விமானம் ஆகிய இரண்டிற்கும் ஏற்றதாய் இருந்ததும் அவ்விடத்தின் சிறப்புகள். சதுப்பு தூர்க்கப்பட்டது, குடியிருந்தோர் இடம்பெயர்ந்தனர்.

1937 ஜூன் 12-இல் ஆளுநர் சர் ஷெண்டன் தாமஸ் நிலையத்தைத் திறந்துவைத்தார். வட்ட வடிவான இறங்குதளமும், கண்ணாடி சூழ்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரமும், கடல் விமானங்களுக்கான சரிவுத்துறையும் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. உலகைச் சுற்றிவர முயன்ற வீராங்கனை அமேலியா எர்ஹார்ட் அதே திங்களில் அங்கு வந்திறங்கினார்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அங்குக் கான்கிரீட் ஓடுபாதை இடப்பட்டது. போர் ஓய்ந்தபின் 1947-இல் மலாயன் ஏர்வேஸ் தன் பயணச் சேவையை இங்கிருந்தே தொடங்கியது.

மூடியமைக்குக் காரணங்கள்

எந்த அண்மை காலாங்கிற்குப் பெருமை தந்ததோ அதுவே அதற்குத் தளையாயிற்று. ஒருபுறம் கடல்; மறுபுறம் வளரும் நகரம். விமானங்கள் பெரிதாகப் பெரிதாக ஓடுபாதை நீள வேண்டியதாயிற்று. அது சாலையைக் கடந்து நீண்டமையால், விமானம் வரும்பொழுதெல்லாம் சாலைப் போக்குவரத்தை நிறுத்தும் நிலை ஏற்பட்டது. 1954 மார்ச் 13-இல் தரையிறங்க வந்த விமானமொன்று ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் மோதியதில் 33 பேர் உயிரிழந்தனர். இதற்கு முன்னரே பாய லேபாரில் புதிய நிலையப் பணி தொடங்கியிருந்தது. 1955 ஆகஸ்ட் 20-இல் அது திறக்கப்பட, காலாங் ஓய்வு பெற்றது.

மறுவாழ்வு

மூடிய மறு ஆண்டே, 1956-இல், நிக்கல் நெடுஞ்சாலையும் மெர்டேக்கா பாலமும் அந்நிலத்தை நகரத்தின் நடுவிடத்தோடு இணைத்தன. 1960 முதல் 2009 வரை பழைய முனையக் கட்டடம் மக்கள் கழகத்தின் தலைமையகமாய்ப் பணியாற்றியது. 1973-இல் அருகே தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது; அது பழமையுற்று இடிக்கப்பட்டபின், அவ்விடத்தில் 2014-இல் புதிய விளையாட்டு நடுவம் திறக்கப்பட்டது. முனையக் கட்டடமோ 2008-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

இதில் நாம் போற்றத்தக்கது யாது? விமானம் ஏறும் வசதி படைத்தோர்க்கு மட்டும் பயன்பட்ட நிலம், விளையாடுவோர்க்கும் நடப்போர்க்கும் உரிய பொதுவிடமாயிற்று. கட்டடமும் இடிபடாமல் புதிய பணி பெற்றது.

எனினும் மறுபக்கமும் உண்டு. நிலையத்தின் அருகே 1958-இல் எளியோர்க்கெனக் கட்டப்பட்ட குடியிருப்பு டகோட்டா கிரசெண்ட். அப்பெயர் அங்கு இறங்கிய டகோட்டா விமானத்தை நினைவூட்டுவது. 2014-இல் அக்குடியிருப்பை அகற்றும் முடிவு வெளியாயிற்று. ஆண்டு பலவாய் அங்கு வாழ்ந்த முதியோர் வேறிடம் பெயர்ந்தனர். குடியிருந்தோரும் ஆர்வலரும் விடுத்த வேண்டுகோளை ஏற்று, 2017-இல் ஆறு கட்டடங்களைக் காக்க அரசு இசைந்தது. விமானத்தின் பெயர் தெருவில் நிலைத்தது. சதுப்புக் கரையில் வாழ்ந்த மலாய்க் குடும்பங்களின் பெயரையோ இன்று அறிவார் சிலரே.

நம் அண்டையில்

இவ்வினா நமக்கும் உரியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தஞ்சாவூர் விமானத்தளம் 2013-இல் விமானப்படை நிலையமாய்ப் புத்துயிர் பெற்றது. 2020-இல் சுகோய் போர் விமான அணி அங்கு நிலைகொண்டது. காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டு ஓடுதளமும் அப்போர்க் காலத்ததே. இத்தகைய நிலங்களுக்கு மறுபயன் காணும்பொழுது, அவை யாருடைய வயலாய், யாருடைய மேய்ச்சல் தரையாய் இருந்தன என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

முடிவுரை

நிலத்திற்கு மறுவாழ்வு தருதல் அரசுக்கும் பொறியாளர்க்கும் இயலும். அந்நிலத்தில் வாழ்ந்தோரின் நினைவைக் காத்தலோ கற்றோர் கடன். கடல் கடந்து சென்ற நம் பெரியோரின் கடிதங்களும் பயணச் சீட்டுகளும் நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. மாணவச் செல்வங்கள் அவற்றைத் தேடியெடுத்து, மூத்தோர் வாய்மொழியையும் கேட்டு எழுதிவைப்பாராயின், மூடிய வாயில்களின் வரலாறு நம் பின்னோர்க்கு என்றும் திறந்தே இருக்கும்.